சிறுதேரும் பெருந்தேரும்

பட்டினப்பாலை என்னும் சங்க நூல் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்பைச் சொல்ல வருமிடத்தில் ஒரு சிறு காட்சியைக் காட்டுகிறது. முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியை ஓட்டுவதற்கு மகளிர் தம் பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அந்தக் குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. அத்தேருக்குக் குதிரை இல்லை என்பதையும் புலவர் மறவாமல் குறிப்பிடுகிறார். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற்கு உரிய பத்துப் பருவங்களுள் இறுதியாக வைக்கப்பெற்றது சிறுதேர்ப் பருவம். வடமொழியிலே சூத்திரகன் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரால் தமிழாக்கினார். அந்நாடகத்தில் வரும் சிறுவன், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் தேரைக் கண்டபின் தன் மண் தேர் வேண்டாவென்று அழுகிறான். ஆக, பெரியோர் ஏறிச் செல்லும் ஊர்தியைச் சிறிதாக்கிக் கையில் கொள்ளும் ஆசை நம் நாட்டுக்குப் புதிதன்று.

இன்று மாணவ நண்பர்களிடம் நான் பேச எடுத்துக்கொண்டது, மோட்டார் யுகத்தின் சிறுதேர்களைப் பற்றிய வரலாறு. பந்தயக் களத்திலும் நெடுஞ்சாலையிலும் புகழ்பெற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் உருவத்தை அளவு தவறாமல் சிறிதாக்கி உலோகத்தில் வார்த்த மாதிரி வண்டிகளையே சொல்லுகிறேன். இவற்றைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக வாங்கினர். பின்னர்ப் பெரியோர் சேகரிப்புப் பொருளாகப் பேணினர். இவற்றில் சரித்திரம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சிந்துவெளி அகழ்வாய்வை நினைத்துப் பாருங்கள். மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் ஓடிய மரவண்டிகள் மட்கி மறைந்துவிட்டன. அங்கே கிடைத்த சுடுமண் விளையாட்டு வண்டிகளைக் கொண்டுதான் அக்காலத்து வண்டியின் அமைப்பை ஆய்வாளர் அறிந்தனர். பெருந்தேர் அழிந்தபோது சிறுதேர் சாட்சி சொல்லிற்று. மோட்டார் வண்டிகளின் வரலாற்றிலும் இவ்வாறே நேர்ந்திருக்கிறது என்பதையும், அந்தச் சாட்சியை எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

மாதிரி வண்டியின் கதை இங்கிலாந்தில் லிவர்பூல் நகரிலே தொடங்குகிறது. பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901ஆம் ஆண்டில், துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணியால் பூட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் அமைக்கும் ஒரு விளையாட்டுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 'மெக்கானோ' என்று பிற்காலத்தில் பெயர் பெற்றது இதுவே. 1920இல் அவர் விளையாட்டு இரயில்களைச் செய்யலானார். இரயில் நிலையம் வைத்தால் அதன் வாசலில் மோட்டார் வண்டி நிற்க வேண்டுமல்லவா? அந்தத் தேவைக்காக 1933இல் ஆறு சிறு வண்டிகள் அடங்கிய ஒரு தொகுதி வெளிவந்தது. அவற்றுள் முதலில் எண்ணப்பட்டது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அது எந்தக் கம்பெனியின் கார் என்று சொல்ல இயலாது. பொதுவான ஓர் உருவந்தான். அடுத்த ஆண்டில் இவ்வண்டிகளுக்கு 'டிங்கி டாய்ஸ்' என்று பெயரிட்டனர். இரயிலின் அளவுக்கு ஒத்துவர வேண்டும் என்று கொண்ட கணக்கே நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்னும் அளவாக நிலைத்தது. இன்றும் சேகரிப்போர் போற்றும் அளவுகளுள் அது முதன்மையானது. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் அந்த அளவில் ஏறத்தாழப் பத்துச் செண்டிமீட்டராகும், உள்ளங்கையில் அடங்கும்.

இவ்வண்டியைச் செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும். முதலில் உண்மையான காரை அளந்து வரைபடம் எழுதுவர். அதனைக் கொண்டு, செய்யப்போகும் பொம்மையைவிடப் பல மடங்கு பெரிய மாதிரி ஒன்றை மரத்திலோ வேறு பொருளிலோ செதுக்குவர். பெரிய உருவத்தின்மேல் ஓடும் ஊசியின் அசைவைச் சிறிதாக்கி உளிக்குத் தரும் 'பாண்டோகிராப்' என்னும் கருவியின் உதவியால் எஃகுக் கட்டியில் அச்சைக் குடைவர். தொழிற்சாலைகளில் இதனை 'டை' என்பார்கள். அச்சு இரண்டு மூன்று பகுதிகளாக இருக்கும். அவை பொருந்தி மூடியதும், உருகிய நாகக் கலவையை அழுத்தத்தோடு உட்செலுத்துவர். நாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகும் உலோகமாதலின் வேலை விரைவாக நடக்கும். சில நொடிகளில் உலோகம் இறுகிவிடும், அச்சு திறக்கும், வண்டியின் உடல் வெளியே விழும். பிசிறு நீக்கி, வண்ணம் பூசி, சக்கரமும் அடித்தகடும் பொருத்தினால் வேலை முடிந்தது. அச்சைக் குடைவதற்குப் பல மாத உழைப்பும் பெரும் பொருளும் வேண்டும். அச்சு அமைந்தபின் ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் செலவோ மிகச் சிறிது. ஆகவே இத்தொழிலில் உண்மையான சொத்து அச்சேயாகும்.

உலோகம் என்றால் என்றும் அழியாது என்று எண்ண வேண்டா. நாகத்தோடு அலுமினியமும் சிறிதளவு மக்னீசியமும் செம்பும் சேர்த்த கலவையே இவ்வார்ப்புக்கு உகந்தது. அதில் ஈயம் மிகச் சிறிது கலந்துவிட்டாலும், பல ஆண்டுகள் கழித்து உள்ளிருந்து வெடிப்புக் கண்டு, உடல் வளைந்து, இறுதியில் பொடியாக உதிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்த்த பல டிங்கி வண்டிகளுக்கு இந்தக் கதி நேர்ந்தது. தொழிற்சாலையில் எஞ்சிய ஈயத் துணுக்குகள் நாகக் கொப்பரையில் விழுந்ததன் விளைவு, விற்றவரும் வாங்கியவரும் மறைந்தபின் வெளிப்பட்டது. அன்று ஓர் உலைக்காரர் காட்டிய கவனத்தை, தொண்ணூறு ஆண்டு கழிந்த பின்னும் உதிராமல் நிற்கும் ஒரு சிறு கார் மெய்ப்பிக்கிறது.

போர் முடிந்தபின் இத்தொழிலில் புதியவர் பலர் புகுந்தனர். கப்பற்படையிலிருந்து திரும்பிய லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்னும் நண்பர் இருவர் 1947இல் தம் பெயர்களின் எழுத்தைக் கூட்டி 'லெஸ்னி' என்ற நிறுவனத்தை இலண்டனில் ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தில் தொடங்கினர். ஜாக் ஓடெல் என்னும் வார்ப்புத் தொழில் வல்லுநர் அவர்களோடு சேர்ந்தார். அவருடைய மகள் படித்த பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்தது. அந்த விதிக்கு இணங்க அவர் செய்து கொடுத்த சிறு சாலை உருளையிலிருந்து 1953இல் 'மேட்ச்பாக்ஸ்' வரிசை பிறந்தது. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் பொம்மைத் தொழில் நடத்தி, நாஜிக் கொடுமைக்குத் தப்பி வந்த பிலிப் உல்மன் இங்கிலாந்தில் 'மெட்டாய்' என்னும் நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில் 1956இல் வெளியிட்டவையே 'கார்கி' வண்டிகள். அவற்றின் சன்னல்களில் கண்ணாடி போன்ற தெளிந்த தகடு இருந்தது. அதுவரை வெறும் துளையாக இருந்த சன்னலுக்கு அதன்பின் மதிப்பில்லாமற் போயிற்று.

இந்தப் போட்டிக் காலத்தில்தான் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெயரும் ஊரும் பெற்றுச் சிற்றுருவில் வந்தன. 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரெஞ்சு நாட்டின் லெ மான் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் 'டி' வகை, 1961இல் ஜெனீவாக் காட்சியில் உலகை வியக்கச் செய்த ஜாகுவார் 'இ' வகை, ஆஸ்டன் மார்ட்டின், பெராரி முதலியன கடைகளில் வரிசையாக நின்றன. உண்மையான வண்டியைச் செல்வர் சிலரே வாங்கக்கூடும். அதன் சிற்றுருவைத் தொழிலாளியின் மகனும் வாங்கலாம். 1965இல் கார்கி வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் பல இலட்சக்கணக்கில் விற்றது. அதில் இரண்டு செய்திகள் நோக்கத் தக்கவை. திரைப்படத்தில் வந்த கார் டி.பி.5 என்னும் வகை. பொம்மையோ, முன்பு செய்திருந்த டி.பி.4 வகையின் அச்சைத் திருத்தி வார்த்தது. படத்தில் கார் வெள்ளி நிறம், பொம்மை பொன்னிறம். வெள்ளி வண்ணம் பூசினால் வண்ணம் பூசாத வெறும் வார்ப்பைப் போலத் தோன்றும் என்பதே காரணம். எனவே சிறுதேர் சொல்லும் சாட்சியை அப்படியே ஏற்காமல், அச்சு எங்கிருந்து வந்தது, வண்ணம் ஏன் மாறிற்று என்று கேட்டே ஏற்க வேண்டும்.

1968இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ்' என்னும் விரைந்தோடும் சிறு கார்களை வெளியிட்டது. மெல்லிய அச்சாணியில் வழுக்கி ஓடிய அவ்வண்டிகள் சிறுவரின் மனத்தைக் கவர்ந்தன. ஆங்கில நிறுவனங்கள் ஈடுகொடுக்கத் தடுமாறின. 1979இல் லிவர்பூல் தொழிற்சாலை மூடப்பட்டது. லெஸ்னி 1982இல் நொடித்து, ஹாங்காங் நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. மெட்டாய் 1983இல் வீழ்ந்தது. ஐந்தாண்டுக்குள் மூன்று பெரும் வீடுகளும் சரிந்தன. ஆனால் தொழிற்சாலைகள் மறைந்தாலும் அச்சுகள் ஓயவில்லை. ஒரு நாட்டில் பழையதாகிவிட்ட அச்சு, வேறொரு நாட்டில் புதிய வாழ்வைத் தொடங்கும். அந்தப் பயணங்களில் ஒன்று நம் நாட்டுக்கு வந்த பயணம்.

விடுதலைக்குப்பின் இந்தியா அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு வெளிநாட்டுப் பண்டங்களின் வரவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1953இல் அரசு மேற்கொண்ட கொள்கைப்படி, கார்களின் உறுப்புகளை வரவழைத்துப் பூட்டி விற்பதோடு நின்ற நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லாமற் போயிற்று. ஜெனரல் மோட்டார்சும் போர்டும் கடையைக் கட்டின. பெரிய காருக்கே இந்நிலை என்றால், விளையாட்டுக் கார் கப்பலேறி வருவது எளிதாகுமா? ஆகவே 1960களின் இறுதியில், டிங்கி வண்டிகளின் பயன் முடிந்த அச்சுகள் சில இந்தியாவுக்கு வந்தன. டிங்கி என்ற பெயர் எழுத்தை நீக்கிவிட்டு, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் இங்கே அவை வார்க்கப்பட்டன. ஜாகுவார் 'இ' வகை ஸ்போர்ட்ஸ் காரும் அவற்றுள் ஒன்று. லிவர்பூலில் வார்த்ததையும் இங்கே வார்த்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வடிவம் ஒன்றே. வண்ணப் பூச்சு மட்டும் இங்கே சற்றுத் தடித்திருக்கும், நுணுக்கங்கள் சற்று மழுங்கியிருக்கும். பல்லாயிரம் முறை வார்த்துத் தேய்ந்த அச்சின் வயதை அந்த மழுங்கல் சொல்லுகிறது. அக்காலத்தில் ஏளனமாகப் பார்க்கப்பட்ட இவ்வண்டிகளை இன்று மேனாட்டுச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர்.

நிக்கி வரிசையிலே ஒரு வண்டி, சென்னையில் வாழும் நமக்குத் தனியாக ஒரு செய்தியைச் சொல்ல வந்தது போலத் தோன்றுகிறது. அதன் பெயர் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. அந்தப் பெயருடைய உண்மையான கார் எங்கே பிறந்தது? சென்னையை அடுத்த வண்டலூரில். 1948இல் நிறுவப்பட்ட இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் முதலில் வான்கார்டு காரையும், பின்னர் ஸ்டாண்டர்டு எட்டு, பத்து முதலியவற்றையும் செய்தது. 1961இல் ஹெரால்டு வந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி உருவம் வகுக்க, இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட காரே இதன் மூலம். ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பெயர்போன டிரையம்பின் சாயல் இச்சிறு குடும்பக் காரிலும் இருந்தது. முன்மூடி முழுவதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். மிகக் குறுகிய வட்டத்தில் வண்டி திரும்பும். அடிச்சட்டம் தனி, மேலுடல் தனி என்று அமைந்தமையால், தொலைநாடுகளில் பூட்டுவதற்கும் அது எளிதாக இருந்தது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1950கள் தொடங்கி அங்கே மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றுக்கு ஊன்றுகோலாயிற்று. மேனாட்டு ஸ்போர்ட்ஸ் காரை வரவழைக்கும் வாய்ப்பு மன்னர் குடும்பத்தார்க்கும் பெருஞ்செல்வர்க்குமே இருந்தது. மற்றவர் என்ன செய்தனர்? நாட்டிலே கிடைத்த ஹெரால்டையும் பியட்டையும் பிரித்து, எடை குறைத்து, இயந்திரத்தைத் திருத்திப் பந்தயத்தில் விட்டனர். வண்டலூரில் பிறந்த குடும்பக் கார், சோழவரத்தில் ஏழை நாட்டின் ஸ்போர்ட்ஸ் காராக ஓடியது.

இப்பொழுது நிக்கி பொம்மையை உற்றுப் பாருங்கள். அது ஹெரால்டின் அச்சில் வார்த்ததன்று. டிரையம்ப் வைட்டெஸ் என்னும் வேறொரு காருக்காக டிங்கி குடைந்த அச்சு அது. வைட்டெஸ், ஹெரால்டின் உடலிலே ஆறு உருளை இயந்திரம் பூட்டிய விரைவு வண்டி. அதன் முகத்தில் சாய்ந்த நிலையில் நான்கு விளக்குகள் உண்டு; ஹெரால்டுக்கு விளக்கு இரண்டே. ஆகவே, இந்தியச் சிறுவன் தன் தெருவில் கண்ட காரின் பெயரைத் தாங்கி வந்த பொம்மைக்கு, அவன் தெருவில் காணாத முகம் இருந்தது. இன்னொன்றும் உண்டு. 1968இல் வண்டலூர்த் தொழிற்சாலை ஹெரால்டுக்கு நான்கு கதவு அமைத்தது. இங்கிலாந்தில் எக்காலத்திலும் செய்யப்படாத வகை அது. நம் நாட்டுப் பொறியாளர் நம் குடும்பங்களின் தேவையை அறிந்து செய்த மாற்றம். பொம்மையிலோ கதவு இரண்டுதான். நம்மவர் பிறரிடமிருந்து பெற்றதை அந்த அச்சு காட்டிற்று. நம்மவர் தாமே செய்ததை அது காட்டவில்லை. இந்த ஒரு பொம்மையின் முன் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். அச்சு யாரிடம் இருக்கிறதோ அவர் நினைத்ததே நினைவாக நிற்கிறது என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பொம்மையின் அச்சுக்கு நேர்ந்ததே பெருங்காரின் அச்சுக்கும் நேர்ந்தது. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டாக இருந்தது வங்கத்தில் அம்பாசடராகி 2014 வரை வாழ்ந்தது. வண்டலூரில் ஹெரால்டைத் தொடர்ந்து 1972இல் கெசல் வந்தது. 1985இல், ரோவர் காரின் உருவத்தைக் கொண்ட ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அது நிலைக்கவில்லை, 1988இல் கார் உற்பத்தி நின்றது. பழைய அச்சைப் பெற்று நெடுங்காலம் வார்ப்பது ஒரு காலத்தின் தேவையாக இருந்தது. அதனை இழிவென்று சொல்ல மாட்டேன். அந்த உலைகளில்தான் நம் தொழிலாளர் கை தேர்ந்தனர். ஆனால் அடுத்தவரின் அச்சு தேய்ந்தபோது நம் தொழிலும் தேய்ந்தது என்பதை மறக்கலாகாது.

வண்டலூரிலிருந்து மேற்கே வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் போனால் ஒரகடம் வரும். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். இராமானுசர் பிறந்த அவ்வூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகளின் வரிசை நீண்டு கிடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் இணைந்து தொடங்கிய தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் அலுமினிய வார்ப்புச் சாலையும் ஒரகடத்தில் உண்டு. அலுமினியத்தை உருக்க நாகத்தைவிட மிகுந்த வெப்பம் வேண்டும். அச்சும் இயந்திரமும் மிகப் பெரியவை. ஆயினும் எஃகு அச்சை மூடி, உலோகத்தை அழுத்திச் செலுத்தி, இறுகியதும் திறக்கும் தத்துவம், லிவர்பூலில் சிறுகார் வார்த்த அதே தத்துவமே. பந்தயமும் இந்தப் பக்கமே குடிபெயர்ந்தது. சோழவரத்துக்குப் பதிலாகச் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த பந்தயத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர்.

விளையாட்டுப் பொருளுக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் உள்ள உறவுக்குச் சென்னையிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. 1946இல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் தொழில் தொடங்கினார். அவர் செய்தது சிறுவர் ஊதும் பலூன். அந்தத் தொழிலே வளர்ந்து எம்.ஆர்.எப். என்னும் பெருந் டயர் நிறுவனமாயிற்று. பந்தயக் கார்களுக்கும் டயர் தந்தது. அதே நிறுவனம் 1987இல் 'பன்ஸ்கூல்' என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்தையும் தோற்றுவித்தது. பொம்மையில் தொடங்கிய தொழில் மீண்டும் பொம்மையைத் தொட்டது.

இனி, சேகரிப்போருக்கென்று இன்று செய்யப்படும் மாதிரிகளைப் பார்ப்போம். 1990இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் தோன்றிய 'மினிசாம்ப்ஸ்', 1995இல் அதே நாட்டில் தோன்றிய 'சி.எம்.சி.', ஹாங்காங்கின் 'ஆட்டோஆர்ட்' ஆகியவை பழைய பந்தயக் கார்களின் உருவங்களை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு தருகின்றன. சி.எம்.சி. செய்யும் பதினெட்டில் ஒரு பங்கு அளவு மாதிரிகள் சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் கையால் பூட்டப்படுகின்றன. வடிவமைப்பு ஜெர்மனியிலே நடந்தாலும் வார்ப்பும் பூட்டலும் நடப்பது சீனத்திலே. நம் நாட்டிலும் 1980களின் பிற்பகுதி முதல் சில காலம் 'லியோ மேட்டல்' என்ற பெயரில் ஹாட் வீல்ஸ் வண்டிகள் செய்யப்பட்டன. பிற நாடுகளில் இல்லாத நிறமும் சித்திரமும் கொண்டமையால் அவற்றை அயல்நாட்டார் விரும்பித் தேடுகின்றனர்.

'இவையெல்லாம் செல்வரின் பொழுதுபோக்கு. பொம்மையைவிட அதன் அட்டைப்பெட்டிக்கு விலை மிகுதி' என்று சிலர் நகைப்பர். அந்த நகைப்பில் உண்மையும் உண்டு. பெட்டியைத் திறவாமல் பூட்டிவைத்து விலையேற்றத்தை மட்டும் எண்ணுபவரைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் வரலாறு கற்கும் மாணவர்க்கு மாதிரி வண்டி ஒரு கல்வெட்டைப் போன்றது. அதன் அடித்தகட்டில் நாடும் நிறுவனமும் பொறித்திருக்கும். நீக்கப்பட்ட எழுத்தின் தழும்பு கைமாறிய கதையைச் சொல்லும். வார்ப்பின் கூர்மை அச்சின் வயதைச் சொல்லும். கல்வெட்டைப் போலவே, இதிலும் பொய் உண்டு. வைட்டெஸ் முகத்தோடு ஹெரால்டு என்று பெயர் பூண்டு நிற்பதும் உண்டு. ஒப்பிட்டு ஆராய்பவனுக்கு அந்தப் பொய்யே செய்தியாகும்.

நண்பர்களே, தொழிற்சாலைகள் நெடுங்காலம் நிற்கும் என்று நாம் நம்புகிறோம். வண்டலூரில் கார் பிறப்பது நின்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மறைமலைநகரில் போர்டு நிறுவனம் 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டில் ஒரகடத்தில் டாட்சன் பெயர் தாங்கிய கார்களின் உற்பத்தியும் முடிந்தது. சென்னையை மோட்டார் நகரமாக்கிய சான்ட்ரோவும் இன்று செய்யப்படுவதில்லை. உங்கள் தந்தையார் முதன்முதல் வாங்கிய கார் இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். இன்னும் முப்பது ஆண்டு கழித்து அதன் கதவு எவ்வாறு திறந்தது, முகம் எவ்வாறு இருந்தது என்று கேட்பவர்க்கு எதைக் காட்டுவோம்? பந்தயத்தில் ஓடிய திருத்திய ஹெரால்டுகள் எத்தனை உருவில் இருந்தன என்பதை அவற்றை அமைத்த கைகளே அறிந்திருந்தன. அளந்து எழுதியவர் மிகச் சிலர்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பாண்டோகிராப் செய்த வேலையை இன்று கணிப்பொறி செய்கிறது. ஓர் அளவுநாடாவும், வரைதாளும், பொறுமையும் உள்ள மாணவர் நால்வர் சேர்ந்தால், தெருவில் நிற்கும் ஒரு பழைய காரை ஒரு விடுமுறை நாளில் அளந்துவிடலாம். பொறியியல் மாணவராயின் அதை முப்பரிமாண உருவாக்கலாம்; வரலாற்று மாணவராயின் அதை ஓட்டியவரையும் பூட்டியவரையும் கேட்டு எழுதலாம். அச்சு குடையும் கலையைக் கற்க விரும்புவோர்க்கு நம் ஊரிலேயே வழியுண்டு. பிளாஸ்டிக் வார்ப்புக்குரிய அச்சுகளைக் கற்பிக்கும் மத்திய நிறுவனம் 1968இலேயே கிண்டியில் தொடங்கப்பெற்றது. இந்தச் சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான கார்களைப் பூட்டி அனுப்பும் கைகள், அவற்றுள் ஒன்றைப் பத்துச் செண்டிமீட்டர் அளவில் துல்லியமாகச் செய்துவைக்கும் நாளும் வர வேண்டும்.

மண்ணியல் சிறுதேரில் வரும் சிறுவனின் அழுகையை நாடக ஆசிரியர் பொருளில்லாமல் வைக்கவில்லை. அவன் விளையாடி மகிழ்ந்த பொன் தேர் அண்டை வீட்டுக்குரியது. அதைத் திரும்பக் கொண்டுபோய்விட்டதால் அவன் அழுதான். மற்றவருடைய தேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒருநாள் திரும்பிப் போய்விடும். நான்கு கதவு ஹெரால்டுக்கு ஓர் அச்சை நம்மவர் யாரேனும் அன்றே குடைந்து வைத்திருந்தால், வண்டலூரின் பொறியாளர் செய்த காரியம் இன்று உங்கள் உள்ளங்கையில் நின்று பேசும்.